பந்து பட்ட கன்னம்

இசோபே தைகோவைத் தெரியாதவர் ஜப்பானில் கிடையாது. ஆனால் அவன் தெருவில் நடந்து போனால் திரும்பிப் பார்ப்பவரும் கிடையாது. இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்றால், கால்பந்தில் அவன் போட்ட அந்தக் கோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு சர்வதேசப் போட்டியின் கால் இறுதி. எண்பத்து மூன்றாவது நிமிடம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஜப்பானுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. தைகோ பின்வரிசைத் தடுப்பாட்டக்காரன். உயரமாக இருக்கிறான் என்பதற்காக முன்னால் அனுப்பியிருந்தார்கள். வந்த பந்து இரண்டு மூன்று கால்களில் பட்டு உருண்டது. எதிரணிக்காரன் ஒருவன் வெளியே அடித்துத் துரத்தி விடலாம் என்று முழு பலத்தோடு உதைத்தான். மூன்றடி தள்ளி நின்ற தைகோ அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பினான். பந்து அவன் இடது கன்னத்தில் அறைந்து நேராக வலைக்குள் போய் விழுந்தது. தைகோ தரையில் விழுந்தான். கோலை அவன் பார்க்கவே இல்லை. கண் விழித்தபோது எட்டுப் பேர் அவன் மேல் படுத்து அழுதுகொண்டிருந்தார்கள்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த புகைப்படக்காரர் சரியாக அந்த நொடியில் பொத்தானை அமுக்கியிருந்தார். பந்து பாதி கன்னத்துக்குள் புதைந்திருக்கிறது. மூக்கு வலது பக்கம் குடிபெயர்ந்துவிட்டது. இடது கண் மூடியிருக்கிறது, அதற்கும் சேர்த்து வலது கண் திறந்திருக்கிறது. உதடுகள் தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரி ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு நிற்கின்றன. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் அந்த முகம்தான். பிறகு ஃபோனில் அனுப்பும் பொம்மைப் படமாக வந்தது. அழிரப்பராக வந்தது, அரிசி முறுக்குப் பொட்டலத்தில் வந்தது. பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசி விளம்பரத்தில்கூட வந்தது.

சாதாரண நாட்களில் தைகோவின் முகம் தபால் நிலையத்தில் ஸ்டாம்பு கொடுப்பவர் முகம் மாதிரி இருக்கும். ஒருமுறை ரயிலில், ஒரு கல்லூரிப் பெண் ஃபோனில் அவன் படத்தைத் தோழிக்குக் காட்டி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இறங்கும் இடம் வந்ததும் அவனிடம், கொஞ்சம் வழி விடறீங்களா என்று கேட்டு இறங்கிப் போனாள்.

அந்த முகத்தை அவன் வெறுத்தான். தொலைக்காட்சியில் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று எத்தனையோ பேர் கெஞ்சியும் செய்ததில்லை. எட்டு வயதிலிருந்து பந்து விளையாடுகிறவனுக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரு வீங்கின கன்னம்தானா என்ற ஆற்றாமை. இப்போது முப்பத்து மூன்று வயது. கியூஷுவில் ஒரு இரண்டாம் பிரிவு அணியில் இருந்தான். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் சொந்த ஊரான நாகிசேயிலிருந்து அழைப்பு வந்தது.

அழைத்தவர் நாகிசே காவல் நிலையத்தில் பொதுமக்கள் பாதுகாப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மிசோபுச்சி. ஊரில் தொலைபேசி மோசடி அதிகமாகிவிட்டது. எவனோ கூப்பிட்டு, "அம்மா, நான்தான்" என்கிறான். அம்மாவும் மகன் என்று நம்பிப் பணத்தை எடுத்துக் கொடுத்து விடுகிறாள். இதற்காக ஒரு விழிப்புணர்வு நாள் நடத்துகிறோம், நீங்கள் ஒரு நாள் காவல் நிலையத் தலைவராக இருந்து, சீருடை போட்டு, தோளுக்குக் குறுக்கே பதவிப் பட்டி மாட்டி, சூப்பர் மார்க்கெட் வாசலில் எச்சரிக்கை அச்சடித்த காகிதக் கைக்குட்டைப் பொட்டலங்களை விநியோகிக்க வேண்டும் என்றார். அந்த முகத்தைச் செய்யச் சொல்வீர்களா என்று தைகோ கேட்டான். சத்தியமாக மாட்டோம் என்றார் மிசோபுச்சி. பொட்டலத்தில் அந்த முகம் ஏற்கெனவே அச்சாகிவிட்டதை மட்டும் அவர் சொல்லவில்லை.

முதல் நாள் மாலையே வந்து அக்கா கயோ வீட்டில் தங்கினான். கயோ ஊரிலுள்ள மீன்வடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தம்பியைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, போலீஸ் கால்சட்டைக்குள் உன் தொடை நுழையுமா என்பதுதான். அது மிசோபுச்சிக்கும் தோன்றியிருந்தது. மாவட்டத் தலைமையகத்திலிருந்து இரவல் வந்த சீருடையை உட்சுமி அம்மாவின் சலவைக் கடையில் கொடுத்து, தொடைப் பக்கம் தையலைப் பிரித்துவிடச் சொல்லியிருந்தார்.

விழா காலை பத்து மணிக்கு. எட்டரைக்கு மிசோபுச்சி ஃபோன் செய்தார். மழலைப் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு ஒத்திகையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், சலவைக் கடை உங்கள் அக்கா வீட்டுத் தெருமுனையில்தானே இருக்கிறது, சீருடையை நீங்களே வாங்கி வைத்துக்கொள்கிறீர்களா, ஒன்பதே முக்காலுக்குக் கார் அனுப்புகிறேன் என்றார். தைகோவுக்கு ஏதாவது செய்தால் தேவலை என்றிருந்தது. கயோ வேலைக்குப் போய்விட்டாள். பயிற்சி உடுப்பும் செருப்புமாக, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினான். இரண்டு நிமிட நடைக்குப் பணப்பை எதற்கு என்று அதை மேசையிலேயே வைத்துவிட்டான்.

உட்சுமி அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே வரவேற்றார். தைகோ குனிந்து வணங்கி, போலீஸ் தலைவரின் சீருடையை வாங்க வந்திருக்கிறேன் என்றான்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. ரசீது எங்கே என்று கேட்டார். ரசீது மிசோபுச்சியிடம் இருக்கிறது என்றான். அப்படியானால் நீங்கள் யார் என்று கேட்டார்.

தைகோ முகக்கவசத்தைக் கழற்றினான். "நான்தாம்மா" என்றான்.

வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை தப்பித்திருப்பான். இரண்டு வாரமாக மிசோபுச்சி சமுதாயக் கூடத்தில் வகுப்பு நடத்தி, 'நான்தான்' என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள், போலீஸ் என்றால் இன்னும் நம்பாதீர்கள், பிரபலமானவன் என்றால் சுத்தமாக நம்பாதீர்கள் என்று பாடம் சொல்லியிருந்தார். உட்சுமி அம்மா ஒரு வகுப்பையும் விட்டதில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்.

"நான்தான்னா யாரு?"

"இசோபே தைகோ."

உட்சுமி அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தார். தைகோவும் பார்த்தான். கடையின் சொந்த விளம்பரத் தாள் ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. பந்து புதைந்த அந்த முகம். அதற்குக் கீழே, 'எப்பேர்ப்பட்ட சுருக்கமும் நீக்கித் தரப்படும்.'

"தைகோ முகம் எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. நாலு வருஷமா தினம் பாக்கறேன். அவனுக்கு வாய் இங்க இருக்கு" என்று தன் காதுப் பக்கம் தொட்டுக் காட்டினார். "உனக்கு நடுவுல இருக்கு."

அது பந்து பட்டபோது எடுத்த படம் என்று தைகோ விளக்கினான். பந்து படாதபோது எல்லாருக்கும் வாய் நடுவில்தான் இருக்கும் என்றும் சொன்னான். உட்சுமி அம்மா அதை மறுக்கவில்லை. எல்லாருக்கும் இருப்பது உனக்கும் இருந்தால் அது எப்படி அத்தாட்சி ஆகும் என்றுதான் கேட்டார். மிசோபுச்சிக்கு ஃபோன் செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவுக்குச் செய்தான். மீன்வடை ஆலையில் ஃபோனை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தன் ஃபோனிலிருந்த படங்களைக் காட்டினான். ஃபோனில் எதை வேண்டுமானாலும் காட்டலாம், அதுவும் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள் என்றார் உட்சுமி அம்மா.

கடைசியில், கால்சட்டையைப் போட்டுக் காட்டுகிறேன், என் தொடை அளவுக்குத்தானே பிரித்திருக்கிறீர்கள் என்றான்.

"போட்டுக்கிட்டு ஓடிட்டா? பந்தாட்டக்காரன்னு வேற சொல்றே. இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு நான் உன்னைத் துரத்த முடியுமா?"

அப்புறம் அவர், கொஞ்சம் இரு, உள்ளே ஒரு வேலை என்று போய்விட்டு வந்தார். வந்தபோது முகம் மாறியிருந்தது. உட்காரு தம்பி என்று முக்காலி போட்டார். தேநீர் ஊற்றினார். அரிசி முறுக்கு வைத்தார். ஒருவழியாக நம்பிவிட்டார் என்று தைகோ நிம்மதியாக உறிஞ்சினான். அவர் உள்ளே போய்க் காவல் நிலையத்துக்குத்தான் ஃபோன் செய்தார் என்பதும், இசோபே சார் பத்து மணிக்குக் காரில்தான் வருவார், சலவை விஷயம் எங்களுக்குத் தெரியாது, நாங்கள் வரும்வரை அந்த ஆளைப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வையுங்கள் என்று அங்கே சொன்னார்கள் என்பதும் பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

பேச்சுக் கொடுப்பதற்காகவே அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். தைகோவுக்கு ரொம்பப் பிடித்த சாப்பாடு எது என்றார். சூடான உடோன் நூடுல்ஸ் என்றான். உட்சுமி அம்மா ஒரு பழைய சீட்டின் பின்பக்கம் பெருக்கல் குறி போட்டார். ஆரஞ்சு ஜெல்லியாம், நகராட்சி அலுவலகம் போட்ட கையேட்டில் இருக்கிறதாம். ஊர் ஆரஞ்சு விற்பதற்காக அவர்களே எழுதிக்கொண்டது அது என்று தைகோ சொல்லிப் பார்த்தான். அடுத்து, கால் இறுதிக்கு முந்தின நாள் தைகோ என்ன செய்தான் என்றார். கால் நகம் வெட்டிக்கொண்டு சமையல் நிகழ்ச்சி பார்த்தேன் என்றான். இரண்டாவது பெருக்கல் குறி. அவன் ஒரு மணி நேரம் கண்ணை மூடித் தியானம் செய்ததைத் தொலைக்காட்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

"சரி, கடைசிக் கேள்வி. பந்து வந்தப்போ தைகோ மனசுல என்ன நெனச்சான்?"

தைகோ தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். இதை யாரும் அவனிடம் உண்மை தெரிய வேண்டும் என்று கேட்டதில்லை. "நான் பந்தைப் பாக்கவே இல்லம்மா. பக்கத்துல நின்னவன் என்னமோ சொன்னான். என்னன்னு கேக்கத் திரும்பினேன்."

"தப்பு" என்றார் உட்சுமி அம்மா. "அவன் வேணும்னேதான் கன்னத்தைக் கொடுத்தான். இந்தத் தெருவுக்கே தெரியும்."

அந்த நேரம் மீன்கடைக்காரர் ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்தார். மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த கோட்டு வாங்க வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் கோட்டை மறந்துவிட்டார். இதில் என்ன கஷ்டம், அந்த முகத்தைச் செய்து காட்டச் சொல்லுங்கள், நிஜ தைகோ என்றால் தானாக வந்துவிடும் என்றார்.

மணி ஒன்பது இருபது. தைகோ சுவரில் இருந்த தன்னைப் பார்த்தான். கேமராவுக்கு முன்னால் இத்தனை வருடம் முடியாது என்று சொன்னதை, தொங்குகிற கோட்டுகளுக்கு நடுவே செய்யத் தயாரானான். உள்ளங்கையால் இடது கன்னத்தை அழுத்தி, வாயை ஒருபக்கம் இழுத்து, வலது கண்ணை அகல விரித்தான்.

மீன்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, மீனை எடை போடுவது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மோசமில்ல. ஆனா கண்ணு பத்தாது. கண்ணுல ஒரு அதிர்ச்சி இருக்கணும்பா. இங்க பாரு."

அவர் செய்து காட்டினார். அச்சாக அப்படியே இருந்தது. தைகோவே ஒரு நொடி திடுக்கிட்டான். கோடைத் திருவிழாவில் ஊரில் இதற்கு ஒரு போட்டி நடந்ததாம். இவருக்கு மூன்றாவது பரிசு, பல் டாக்டருக்கு முதல் பரிசு. நீ கலந்துகொண்டிருந்தால் ஐந்து, ஆறாவது இடம் கிடைத்திருக்கும், சோர்ந்து போகாதே என்று அவர் தைகோவின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

போலீஸ் கார் வாசலில் வந்து நின்றபோது தைகோ சந்தோஷப்பட்டான். மிசோபுச்சி அனுப்பிய கார் என்று நினைத்து, எழுந்து போய்த் தானே பின்கதவைத் திறந்து உட்கார்ந்தான். இறங்கிய இரண்டு போலீஸ்காரர்களும் இத்தனை சாதுவான குற்றவாளியைப் பார்த்ததில்லை. அவர்கள் இரண்டு பேரும் வேறு மாகாணத்துக்காரர்கள். அதில் மூத்தவருக்குப் பேஸ்பால் தவிர வேறு விளையாட்டு உண்டென்பதே பிடிக்காது. உன் பெயர் என்ன என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் மற்றவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கடைசிவரை இதையே சொல்லப் போகிறாயா என்றார். கார் நகர்ந்த பிறகுதான் தைகோவுக்கு நிலைமை புரிந்தது. புரிந்ததும் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். எப்படியும் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது.

காவல் நிலைய வாசலில் சிவப்பு விரிப்பு போட்டிருந்தது. நகரத் தலைவரும், நிஜமான காவல் நிலையத் தலைவரும், இருநூறு பேர் போலப் பொதுமக்களும் நின்றிருந்தார்கள். ஒன்பது ஐம்பதுக்குப் போலீஸ் கார் வளைவில் திரும்பியதும் மழலைப் பள்ளி ஆசிரியை கையை உயர்த்த, முப்பது குழந்தைகளும் ஊதவும் அடிக்கவும் ஆரம்பித்தார்கள். பின்கதவு திறந்தது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், முழங்கைகள் பிடிபட்ட நிலையில், பயிற்சி உடுப்பும் செருப்புமாக விருந்தினர் இறங்கினார்.

மூத்தவர் வாத்தியச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி மிசோபுச்சியிடம் விறைப்பாக அறிவித்தார்: போலீஸ் சீருடையை ஏமாற்றி வாங்க முயன்ற சந்தேக நபர், தன்னை இசோபே தைகோ என்று சொல்லிக்கொள்கிறார்.

மிசோபுச்சி தன் கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். "அவர் இசோபே தைகோதான்யா" என்றார். அது ஒலிபெருக்கியில் போய்விட்டது.

வாத்தியம் பாதியில் நின்றுபோயிற்று. பிறகு நகரத் தலைவர் கைதட்டினார். மோசடி விழிப்புணர்வுக்கு இதைவிடப் பிரமாதமான நாடகம் யாராலும் போட முடியாது என்றார். கூட்டம் முழுக்கக் கைதட்டியது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், இத்தனை நன்றாக நடிப்பீர்கள் என்று நினைக்கவில்லை என்று தைகோவிடம் சொன்னார். பிடித்து வந்த போலீஸ்காரர்கள் அவன் முழங்கையை விடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். அவன்தான் மெதுவாக, இனிமேல் விட்டுடுங்க சார் என்றான்.

சீருடை இல்லாமலே பட்டியையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு மேடையேறினான். அச்சடித்துக் கொடுத்த உரையைப் பாதி படித்துவிட்டு மடித்து வைத்தான். இந்த ஊரில் இன்று காலை ஒருவர் ஒரு போலீஸ் சீருடையை அந்நியன் கையில் கொடுக்க மறுத்துவிட்டார், அவர் மட்டும் என்னை நம்பியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன், ஒரு நாள் தலைவர் என்ற முறையில் அவருக்கு நன்றிச் சான்றிதழ் வழங்க உத்தரவிடுகிறேன் என்றான். நிஜத் தலைவர் தலையை அசைத்தார். மிசோபுச்சி ஒரு வெற்றுச் சான்றிதழோடும் ரசீதோடும் சலவைக் கடைக்கு ஓடினார்.

உட்சுமி அம்மா ரசீதைச் சரிபார்த்துவிட்டு, சீருடையை ஹேங்கரில் தூக்கிப் பிடித்தபடி, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தார். சான்றிதழைக் குனிந்து வாங்கும்போது தைகோவுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"நெசமாவே நீதானா?"

"ஆமாம்மா."

"மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்."

"கேக்காதீங்க."

அன்றைக்கு முழுக்க அவன் சீருடையோடு சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்று தன் வீங்கின முகம் போட்ட பொட்டலங்களை ஊருக்கு விநியோகித்தான். வாங்கியவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இசோபே இன்றைக்கு வருவதாகச் சொன்னார்களே, எங்கே என்று அவனையே கேட்டார்கள். முதலில் நான்தான் என்று சொல்லப் பார்த்தான். சொன்னதும் அவர்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். அதன் பிறகு, இப்பத்தான் சாப்பிடப் போனார் என்று சொல்லிவிட்டான். மிசோபுச்சியின் வகுப்பு ஊரில் நன்றாகவே வேலை செய்திருந்தது.

நாலரை மணிக்குச் சீருடையைத் திருப்பிக் கொடுக்கச் சலவைக் கடைக்குப் போனான். ஐந்தரை ரயிலைப் பிடிக்க வேண்டும். உட்சுமி அம்மா கால்சட்டையை மேசையில் விரித்துத் தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்தார். பார்த்துக்கொண்டே, அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் என்றார். தைகோ மனத்தைத் திடப்படுத்திக்கொண்டான். கன்னம் வலித்ததா என்பதுதான் எல்லாருக்கும் வரும் சந்தேகம்.

"அன்னைக்கு நம்ம ஆளு ஒருத்தன், கோல் முக்காவாசி விழுந்துடுச்சுன்னு நெனச்சப்போ, எங்கேருந்தோ வழுக்கிக்கிட்டே வந்து பந்தைத் தட்டி விட்டானே, அது யாரு? எனக்குப் பந்தாட்டம் தெரியாது. ஆனா அவன் எந்திரிச்சப்போ வலது பக்கம் முழுக்க, விலாவுலேருந்து முட்டிவரைக்கும் புல்லுக் கறை. வெள்ளைச் சட்டை வேற. இது சோப்புக்கெல்லாம் போகாதேன்னு அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல."

அறுபத்தொன்றாவது நிமிடம். கோல் காப்பாளர் முன்னே வந்து ஏமாந்துவிட்டார். எதிரணிக்காரன் காலி வலையைப் பார்த்து மெல்லத் தட்டிவிட்டான். தைகோ இருபத்தைந்து கஜம் ஓடி, கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது காலை நீட்டினான். அவன் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த காரியம் அதுதான். அவன் முழங்கால் முதன்முதலில் பழுதானதும் அதில்தான். நான்கு வருடத்தில் ஒரு மனிதர்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை.

"அதுவும் நான்தாம்மா" என்றான். சொன்ன பிறகுதான் மறுபடியும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டது உறைத்தது.

உட்சுமி அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். "எல்லாத்தையும் நீயே செஞ்சேன்னு சொல்லாதே. அங்க பதினோரு பேரு இருந்தாங்க."

தைகோ சிரித்தான். நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணமே இப்போது இல்லை. சட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அணியின் துணி துவைப்பவர் வினிகர் போட்டுப் பார்த்தார், கறை பழுப்பாகிவிட்டதே தவிரப் போகவில்லை என்றான்.

உட்சுமி அம்மா கால்சட்டையை ஒதுக்கி வைத்தார். புல்லுக் கறையில் முதலில் வினிகரா, எந்த மடையன் அவன் என்றார். கறை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது, தேய்த்த கறையா அழுந்திய கறையா, முதலில் தரையில் பட்டது இடுப்பா முழங்காலா என்று வரிசையாகக் கேட்டார். தைகோ வார்த்தையில் சொல்லிப் பார்த்தான். கையை வைத்துக் காட்டிப் பார்த்தான். அவருக்குப் புரியவில்லை. மணி ஐந்தேகால். கடையின் நடுவில் கோட்டுகளைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, ஒருநாள் காவல் தலைவர் தரையில் வலது பக்கமாகப் படுத்து, இடது காலை மேசைக்கடியில் நீட்டினார்.

"பந்து இங்க இருந்துதும்மா. கோடு இதோ, இங்க."

உட்சுமி அம்மா முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார். "காலை இன்னும் கொஞ்சம் நீட்டு" என்றார். "ம். அப்பறம் என்ன ஆச்சு, முதல்லேருந்து சொல்லு."